எட்டாம் நம்பர் பந்தலில் அறுபத்து மூன்று காய்

மேராக்காயைப் பார்த்து யாராவது பொறாமைப்பட்டதுண்டா?

நான் பட்டேன். சௌசௌ என்று நீங்கள் கடையில் வாங்குகிறீர்களே, அதே காய். கூட்டில் போட்டால் பருப்பின் ருசி, குழம்பில் போட்டால் புளியின் ருசி. தனக்கென்று ஒரு ருசி கிடையாது. அதைப் பார்த்து ஒரு மனிதன் ஐந்து வாரம் வயிறு எரிவானா?

எரிந்தான். போன ஞாயிற்றுக்கிழமை, பதினோரு பேர் முன்னால், அதற்கான பலனும் கிடைத்தது.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் எங்கள் தெருவுக்கு மேலே மூடிப்போன விடுதி ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் முப்பது சென்ட் நிலம். ஒரு காலத்தில் பையன்கள் வாலிபால் ஆடிய இடம். விடுதி மூடியதும் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு ஏறிவிட்டது. மலை பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்திவிட்டு பாட்டில்களை அதற்குள்தான் வீசுவார்கள். பிறகு மலையை போட்டோ எடுப்பார்கள்.

எங்கள் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சேகர் சேலத்துக்காரர். எதையும் சும்மா விடமாட்டார். “சும்மா கெடக்கற எடம்தானுங்களே, ஆளுக்குக் கொஞ்சம் காய்கறி போட்டுக்கலாமில்லீங்க?” என்று விடுதி நிர்வாகத்தைப் போய்ப் பார்த்தார். பார்த்தார்… பார்த்தார்… ஏழாவது தடவை சரி என்றார்கள்.

நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் சேர்ந்து நிலத்தைச் சுத்தம் செய்தோம். நானூற்றுப் பன்னிரண்டு பாட்டில்கள். மற்றவர்கள் பொறுக்கினார்கள், நான் எண்ணினேன்.

முப்பத்திரண்டு பாத்தி. ஒவ்வொன்றும் இருபதுக்குப் பதினைந்து அடி. நடுவில் உண்ணிக்குச்சி வேலி. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கி எடுத்தோம். ஒரே ஒரு கண்டிப்பான விதி — பாத்தி சும்மா கிடந்தால், காத்திருக்கிறவர்கள் லிஸ்டில் முதலாவது ஆளுக்குப் போய்விடும். கிளியூரிலிருந்தும் வெள்ளக்கடையிலிருந்தும் சேர்த்துப் பத்தொன்பது பேர் லிஸ்டில் இருக்கிறார்கள்.

எனக்கு வந்தது ஏழாம் நம்பர்.

நான் யார் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருஷம். விவசாயியின் வயலுக்குப் போவேன். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அளப்பேன். அதற்குள் விளைந்ததை அறுக்கச் சொல்லி, எடை போட்டு எழுதிக்கொண்டு வருவேன். எத்தனை வயல்! எத்தனை பயிர்! ஆனால் இந்தக் கையால் ஒரு விதை ஊன்றியதில்லை. குடியிருந்தது முழுக்க அரசுக் குடியிருப்பு, அப்புறம் வாடகை வீடு. ஆக, எழுபத்து மூன்று வயதில் ‘என் பாத்தி’ என்று சொல்ல எனக்கு வாய்த்தது இந்த முந்நூறு சதுர அடிதான்.

“சாருக்குத் தெரியாத வெவசாயமா?” என்றார்கள் எல்லாரும். நானும் மறுக்கவில்லை. அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

கயிறு பிடித்து வரிசை போட்டேன். முள்ளங்கி நாற்பது விதை. வந்தது மூன்று. பீன்ஸ் இருபத்து நாலு. இலை விட்ட மறுநாளே நத்தைகள் வந்துவிட்டன. கேரட்டைப் பிடுங்கிப் பார்த்தேன்… என் சுண்டுவிரல் அதைவிடப் பருமன். வேலியோரத்தில் முளைவிட்ட மேராக்காய் ஒன்றை நட்டு, பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி, அட்டையில் ‘மேராக்காய் – 1’ என்று எழுதிக் கட்டினேன். ஆடிக் காற்றில் குச்சி முறிந்தது. கொடி மண்ணில் விழுந்தது. இரண்டு நாள் பார்த்தேன், இலை வாடியிருந்தது. செத்துப்போயிற்று என்று நோட்டில் அடித்துவிட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. என் பாத்திக்கு மேற்கே மூன்று சில்வர் ஓக் மரங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் கிடையாது. பக்கத்து எட்டாம் நம்பரில் மட்டும் நாலரை வரைக்கும் வெயில் கொட்டும். சீட்டை எடுத்தது என் கைதான், என்ன செய்ய?

எட்டாம் நம்பர் புஷ்பத்தினுடையது.

புஷ்பம் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருபது வருஷம் காபிப் பழம் பறித்தவர். இப்போது இங்கே ஒரு லாட்ஜில் சமையல். காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் பாத்தியில் நிற்பார். கயிறு கிடையாது, அளவு கிடையாது. இடுப்பில் செருகிய பொட்டலத்திலிருந்து விதையை எடுத்துத் தூவுவார், காலால் மண்ணைத் தள்ளுவார், போய்விடுவார்.

எல்லாம் முளைக்கும். எனக்குப் புரியவே இல்லை. மண் ஒன்று. மழை ஒன்று. நத்தைகூட ஒன்றுதான் — என் பாத்தியில் சாப்பிட்டுவிட்டு அங்கே தூங்கப் போகிறது போல.

கீரையைப் பொறுத்துக்கொண்டேன். அவரையைப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் அந்தப் பந்தல் காய்க்க ஆரம்பித்தது.

முதல் நாள் பதினெட்டு. மூன்றாம் நாள் இருபத்தேழு. வெளிர்பச்சையில், கொழுகொழுவென்று, பந்தலின் ஒவ்வொரு சந்திலிருந்தும் எட்டிப் பார்த்தன. எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்புவேன். ஆட்டம் கண்ட பல்லை நாக்கு போய்ப் போய்த் தொடுமே, அந்த மாதிரிக் கால் அங்கேதான் போய் நிற்கும்.

பொறாமைக்கு ஒரு எல்லை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? மலையில் யாரோ ஒருவருக்கு இருநூறு ஏக்கர் எஸ்டேட் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு அதனால் ஒரு நாள் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் நாலடி தள்ளித் தொங்குகிற காய்… அதற்குத்தான் வயிறு எரிகிறது. வேலிக்கு அந்தப்புறம் கை எட்டுகிற தூரம் வரைக்கும்தான் பொறாமை. அதற்கு மேலே இருப்பதெல்லாம் வெறும் செய்தி.

ஒரு நாள் பந்தலுக்கு அடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது புஷ்பம் வந்துவிட்டார்.

“ஏனுங்க சார், எண்ணியாச்சுங்களா?”

“சும்மா பார்த்தேன்மா.”

“இன்னிக்கு எத்தனைங்க?”

“நாற்பத்து நாலு.” வாய் முந்திக்கொண்டது.

“அடேங்கப்பா! நொம்பக் கண்ணு பட்டுருமுங்க, சார்!” என்று சொல்லிச் சிரித்தார்.

என் கண்ணைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

போதாததற்குப் புதன்கிழமை தோறும் வீட்டுக்கு ஒரு பை வரும். ஆறு காய். என் மனைவி கிரேஸிடம் கொடுத்துவிட்டு, புஷ்பம் ஸ்கூட்டரை அணைக்காமலே போய்விடுவார்.

“நல்ல இளசுங்க. நகம் எறங்குது பாருங்க” என்றாள் கிரேஸ்.

“அந்தம்மா எதுக்கு நமக்குத் தரணும்? நம்ம பாத்தியில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக் காட்டுகிறாரா?”

“ஏனுங்க, குடுத்தாலும் குத்தம், குடுக்காட்டியும் குத்தமுங்களா? பேசாம தேங்காயத் துருவிக் குடுங்க.”

துருவினேன். கூட்டு நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதுவும் எரிச்சலாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் சேகர் போட்டார் — ஞாயிற்றுக்கிழமை கமிட்டி பார்வையிட வருகிறது. பயிர் இல்லாத பாத்திகள் லிஸ்டில் இருப்பவர்களுக்கு மாற்றப்படும். சந்தேகத்தில் இருப்பவை ஏழு, பத்தொன்பது, இருபத்தாறு.

ஏழு!

அன்றைக்கு என் பாத்தியில் இருந்தது மூன்று முள்ளங்கி, ஒரு பிடி வெந்தயக்கீரை. முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் விளைச்சலுக்கு எண் போட்டவன். எனக்கு என்ன எண் போடுவார்கள் என்று தெரியும். போட்டுவிட்டு, பாத்தியை எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் இந்தக் கிழவனுக்கு யார் முந்நூறு அடி மண் தரப்போகிறார்கள்?

ஏதாவது ஒரு காரணம் வேண்டும். தேடினேன். கிடைத்தது.

பந்தல்! காலை வெயிலை அந்தப் பந்தல் மறைக்கிறது. டேப் எடுத்துப் போய் அளந்தேன். பந்தல்கால் வேலியிலிருந்து பதினோரு அங்குலம்தான் தள்ளி நிற்கிறது. அதுமட்டுமில்லை. வேலியின் அடியில், ஒரு பழைய சாக்குக்குக் கீழே, கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு தண்டு. எட்டாம் நம்பர் கொடி ஏழாம் நம்பருக்குள் நுழைகிறது. பிடிபட்டது ஆக்கிரமிப்பு!

இரண்டு பக்கம் எழுதினேன். கூடவே ஒரு வரைபடம். எட்டிலிருந்து ஏழுக்கு ஒரு அம்புக்குறி. கடைசி வரியை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன்: ‘வேலியைத் தாண்டும் எந்தக் கொடியையும், அது யாருடையதாக இருந்தாலும், வேலியோடு வெட்டிவிடக் கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்.’

‘அது யாருடையதாக இருந்தாலும்’ — நடுநிலைக்காகச் சேர்த்தது. சேகர் கடையிலேயே மூன்று பிரதி எடுத்து சேகரிடமே கொடுத்தேன்.

ஞாயிறு வந்தது. சர்ச் முடிந்து எல்லாரும் நேராக வந்துவிட்டார்கள். மூடுபனி முழுதாக விலகவில்லை. பதினோரு பேர். அதில் கிளியூர்க்காரர் ஒருவர் லிஸ்டில் முதலாவது ஆள். கையோடு மண்வெட்டியும் கொண்டுவந்திருந்தார். புதுப் பிடி. அவர் என் முள்ளங்கியைப் பார்த்த பார்வை இருக்கிறதே… நான் புஷ்பத்தின் பந்தலைப் பார்த்த அதே பார்வை. அடுத்தவர் கண்ணில் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது.

சேகர் ஒரு கையில் என் மனுவும் மறு கையில் கொடுவாளுமாக நின்றார். மனுவைச் சத்தமாகப் படித்தார். கமிட்டியில் மூன்று பேர் ‘நியாயம்தானுங்களே’ என்று தலையாட்டினார்கள். பாஸ்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மறைப்பானேன்? அறுபத்து மூன்று காயும் பந்தலோடு வாடித் தொங்குவதை ஒரு நிமிஷம் மனதில் பார்த்தும்விட்டேன்.

“நீங்க என்னங்க்கா சொல்றீங்க?” என்று புஷ்பத்தைக் கேட்டார் சேகர்.

புஷ்பம் பந்தலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. “வெட்டோணும்னா வெட்டிக்குங்க. பிஞ்செல்லாம் இருக்குது… பாவம்தான். ஆனா சார் ஊட்டுக் கொடி, சார் இஷ்டமுங்க.”

சேகர் கொடுவாளைத் தாழ்த்தினார்.

“என்னங்க்கா சொன்னீங்க?”

“சார் ஊட்டுக் கொடின்னேன்.”

சேகர் குனிந்து சாக்கைத் தூக்கினார். தண்டைப் பிடித்துக்கொண்டே போனார். என் பாத்திக்குள் வந்தார். இன்னும் இரண்டடி. அங்கே முறிந்துபோன ஒரு குச்சி கிடந்தது. குச்சியில் ஒரு அட்டை. அட்டையில், நல்ல தெளிவான கையெழுத்தில், ‘மேராக்காய் – 1’.

சேகர் நிமிர்ந்தார். மனுவிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். அதைத் தலைகீழாகத் திருப்பினார்.

“சார்… அம்புக்குறியத்தான் மாத்திப் போட்டுட்டீங்களாட்டிருக்குது.”

சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. கிளியூர்க்காரர்கூட மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா புஷ்பம்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றேன். கோபம் மாதிரிதான் வந்தது.

“என்னத்தச் சொல்றதுங்க? என்ர கொடி ஆடி மழைக்கே அழுகிப்போச்சு. பந்தல் சும்மா நின்னுச்சு, உங்க கொடி மண்ணுல கெடந்துச்சு. தூக்கி ஏத்தி உட்டேன். நத்தை கடிக்கக் கூடாதுன்னு சாக்கப் போட்டேன். அப்பறம் நீங்க தெனமும் வந்து வந்து எண்ணிட்டுப் போனீங்க… உங்க காயின்னு தெரிஞ்சுதான் எண்ணறீங்கன்னு நெனச்சனுங்க. அடுத்தவங்க காய யாருங்க சார் அப்படித் தெனமும் எண்ணுவாங்க?”

நான் நோட்டைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

“பறிக்கற அன்னிக்கெல்லாம் பாதிய உங்க ஊட்ல குடுத்துட்டுத்தானுங்களே போறேன்? கிரேஸக்கா சொல்லலீங்களா?”

சொன்னாள். ‘புஷ்பம் குடுத்துச்சு’ என்று சொன்னாள். புதன்கிழமை தோறும் பந்தலில் பன்னிரண்டு குறையும். வீட்டுக்கு ஆறு வரும். இரண்டையும் நான் நோட்டில் எழுதியிருக்கிறேன், பக்கத்துப் பக்கத்து வரியில். மூன்றாம் வகுப்புக் கணக்கு. போடவில்லை.

ஏன் போடவில்லை? யோசித்துப் பார்த்தேன். ஐந்து வாரமும் நான் எண்ணியது அண்ணாந்து பார்த்துத்தான். பொறாமைக்கு அது போதும். வேரைப் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். எனக்கோ முழங்கால் வலி.

“செரிங்க சார்” என்றார் சேகர். சிரிப்பை அடக்கியதில் குரல் கரகரத்தது. “லெட்டரு பாஸ் ஆயிருச்சு. ‘அது யாருடையதாக இருந்தாலும்’னு நீங்களே எழுதியிருக்கறீங்க. வெட்டிரலாமுங்களா?”

கொடுவாள் தண்டுக்கு மேலே நின்றது. வெட்டினால் என்ன ஆகும்? அறுபத்து மூன்று காயும் போகும். ஏழாம் நம்பரில் மூன்று முள்ளங்கி மிஞ்சும். கிளியூர்க்காரர் நாளைக் காலையில் மண்வெட்டியை இறக்குவார். எல்லாம் என் கையெழுத்தில்.

“வேண்டாம்” என்றேன். “நான் எழுதியது தப்பு.”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார். மினிட்ஸ்ல எழுதோணும்.”

“எழுதியது தப்பு! புஷ்பம் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது!”

சில்வர் ஓக் மரத்திலிருந்த குரங்கு ஒன்று கிளையை விட்டு இறங்கிப் போயிற்று. அவ்வளவு சத்தம்.

ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை. கமிட்டியில் ஒருவர் கேட்டார்: “காயெல்லாம் எட்டுலதானே தொங்குது? ஏழு சும்மா கெடக்கறதா, வெளைஞ்சதா? என்னன்னு எழுதறதுங்க?”

நான் அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் இருந்தேன். துறையில் இருந்தபோது நானே கேட்டிருப்பேன். கயிற்றுக்குள் விளைந்தால்தான் கணக்கு. கயிற்றுக்கு வெளியே விளைந்தது யார் கணக்கு?

புஷ்பம் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்: “வேரு அங்கதானுங்களே இருக்குது? பந்தல் மட்டும்தான் என்ரது. அது நெழலுக்கு நிக்குதுன்னு எழுதிக்கோங்க. எனக்கு லாட்ஜுல இட்லிக்கு நேரமாச்சுங்க.”

அப்படியே எழுதினார்கள். ஏழு — பயிர் உண்டு. இருபத்தாறாம் நம்பர் கிளியூர்க்காரருக்குப் போயிற்று.

ஆக, பாத்தி பிழைத்தது. ஐந்து வாரம் யாரைப் பார்த்து வயிறு எரிந்தேனோ, அவரே காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பொறாமை அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும் இல்லையா?

தீரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது புதிதாக ஒன்று முளைத்தது. கொடி என்னுடையது. விதைக்காய் நான் வைத்தது. என் குச்சியில் ஒரு பிஞ்சுகூட விடாத கொடி, அந்தம்மா ஒரு தடவை தூக்கி விட்டதற்கு அறுபத்து மூன்று காய்க்குமா? இவ்வளவு நாள் காய்களின் மேல் பொறாமை. இப்போது அந்தக் கையின் மேல்.

கிரேஸிடம் சொன்னேன்.

“அந்தக் கொடி உங்களப் பாத்துப் பயந்து அக்கட்டால ஓடியிருக்கும்” என்றாள். “தெனமும் டேப்போட போய் நின்னா?”

புதன்கிழமை நானே போனேன். ஆறு காய் வீட்டுக்கு வந்து சேரக் காத்திருப்பது மரியாதையாக இருக்காது. புஷ்பம் பறித்துக்கொண்டிருந்தார். தரையில் இரண்டு துணிப்பைகள், வாய் திறந்து. காயைத் திருகி எடுப்பார், ஒரு பையில் போடுவார். அடுத்ததைத் திருகி எடுப்பார், மற்றதில் போடுவார். இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று. வாய் பாட்டுக்கு லாட்ஜ் மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தது. ஒரு எண்கூட வாயில் வரவில்லை.

நான் எண்ணினேன். இதில் ஆறு. அதில் ஆறு.

“எந்தப் பை வேணுமோ எடுத்துக்குங்க சார்” என்றார்.

இரண்டையும் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்ததை எடுத்துக்கொண்டேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். புஷ்பம் மீதிப் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார். நான் எதை எடுத்தேன் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படித் திரும்பிப் பார்க்காத ஒரு கழுத்து… அது எனக்கும் வேண்டுமென்று எந்தக் கமிட்டியிடம் மனு எழுதுவது?